காற்று மறைப்பு

எங்கள் சைக்கிள் சங்கத்தின் அறையில் ஒரு பச்சைப் பலகை மாட்டியிருக்கிறது. பூட்டுக்கடைக்குப் பின்னால், சாவி அறுக்கும் மெஷின் சத்தம் சுவர் வழியாகக் கேட்கும் அறை அது. வருஷத்துக்கு ஒருமுறை நாங்கள் போகிற 'நாலு நாள்' பயணத்தை, நாலாம் நாள் மாலை ஆறு மணிக்குள் முடித்தவர்களின் பெயர் மட்டும் அந்தப் பலகையில் ஏறும். ஐந்நூற்று அறுபது கிலோமீட்டர். இருபத்திரண்டு வருஷத்தில் நாற்பத்தொரு பெயர்கள் ஏறியிருக்கின்றன. அதில் ஒருவர் வழியில் பாதி நேரம் அழுதுகொண்டே ஓட்டினார், இன்னொருவர் சைக்கிளை விற்றுவிட்டு இப்போது ஸ்கூட்டரில் போகிறார். அவர்கள் பெயரெல்லாம் இருக்கிறது. என் பெயர் இல்லை.

நான் போகாமல் இல்லை. இந்த வருஷத்துக்கு முன்பே ஏழு முறை போயிருக்கிறேன். ஏழு முறையும் அத்தனை கிலோமீட்டரையும் என் காலால்தான் மிதித்தேன். முதல் வருஷம் டயர் கிழிந்து ஒன்றேகால் மணி நேரம் தாமதம். மற்ற ஆறு வருஷமும் நான் கடையாள்.

கடையாள் என்பது எங்கள் சங்கத்துச் சொல். தோளில் குறுக்காக ஒரு சிவப்புப் பட்டை போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் கடைசியாக வருகிறவரின் பின்னாலேயே வரவேண்டிய ஆள். அவர் நின்றால் நிற்க வேண்டும். அவர் மரத்தடியில் படுத்துவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து கொசு விரட்ட வேண்டும். அவர் ஆறு மணிக்குள் வந்து சேர்ந்தால் கடையாளின் பெயரும் பலகையில் ஏறும். அவர் தாமதமானால் கடையாளும் தாமதம். ஆறு வருஷத்தில் எனக்கு வாய்த்தவர்களைக் கேளுங்கள். ஒருவர் போகிற வழியில் தெரிந்தவர் வீடெல்லாம் ஏறி இறங்கினார். கல்யாணமாகி நாலு மாதமான ஒரு ஜோடி, இரண்டாம் நாள் மலை ஏற்றத்தில் சண்டை போட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டது. நான் நடுவில் நின்று தூது போனேன். இன்னொருவருக்கு ஒரே நாளில் ஐந்து பஞ்சர்.

"உன்னை மாதிரி பொறுமை யாருக்கும்மா வரும்?" என்று ஒவ்வொரு வருஷமும் சர்வேயர் பட்டையை என் தோளில் போடுவார். சர்வேயர்தான் எங்கள் சங்கத் தலைவர். ஓய்வு பெற்ற பிறகு அளக்க நிலம் கிடைக்காமல் எங்களை அளக்க ஆரம்பித்தவர். எனக்குப் பொறுமை என்று அவருக்கு யார் சொன்னார்களோ. நான் பல்செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறேன். மெழுகு ஆறும்வரை காத்திருக்க வேண்டும், பிளாஸ்டர் இறுகும்வரை காத்திருக்க வேண்டும். அது வேலை. அதைப் பார்த்துவிட்டு என்னைச் சாது என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

சர்வேயர் பதினொரு விதிகள் எழுதி, கையடக்கப் புத்தகமாக அச்சடித்து வைத்திருக்கிறார். அதில் ஏழாவது விதிதான் இந்தக் கதை. சைக்கிளில் முன்னால் போகிறவர் எதிர்காற்றைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டால், பின்னால் ஒட்டி வருகிறவருக்கு மிதிக்கிற பாடு மூன்றில் ஒரு பங்கு குறையும். இதற்குக் காற்று மறைப்பது என்று பெயர். மற்றவர்கள் கூட்டமாகப் போகும்போது மாற்றி மாற்றி மறைத்துக்கொள்ளலாம். கடையாள் மட்டும் கூடாது. தண்ணீர் தரலாம், பஞ்சர் ஒட்டலாம், ஆறுதல் சொல்லலாம், முன்னால் போய் மறைக்கக் கூடாது. மறைத்தால் இருவரின் பயண அட்டையும் செல்லாது. எந்தக் காலத்திலோ ஒரு மாமனார் கடையாளாக இருந்து, மருமகனை முதுகுக்குப் பின்னால் வைத்து இழுத்து வந்து பலகையில் ஏற்றிவிட்டாராம். அதிலிருந்து இந்த விதி. எட்டாவது விதி இன்னும் சின்னது: கடைசி ஆளை விட்டுவிட்டு முன்னால் போகிற கடையாளின் அட்டை செல்லாது, அவர் மறுபடி பட்டை போடக் கூடாது.

போனில் பாதையைப் பதிவுசெய்கிற வித்தையெல்லாம் சர்வேயரிடம் செல்லுபடியாகாது. அட்டை, அதில் வழிநெடுக வாங்கும் முத்திரை, முடிவிடத்தில் பூட்டுக்கடைக்காரர் கையில் இருக்கும் கடிகாரம். அவ்வளவுதான்.

இந்த வருஷம் நான் சர்வேயரின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். "எனக்கு நாப்பத்தாறு ஆச்சு சார். முட்டி இப்பவே பேச ஆரம்பிச்சிடுச்சு. இந்தத் தடவை எனக்குப் பட்டை வேணாம்."

அவர் ஒத்துக்கொண்டார். பட்டை மருந்துக்கடைக்காரருக்குப் போனது. முப்பது வயதுக்காரர், தொடை ஒவ்வொன்றும் தூண். அவர் கடையாளாக வந்தால் சங்கத்துக்கே பெருமை என்று சொல்லிக் கைதட்டினார்கள். ஆறு வருஷம் நான் போட்டபோது யாரும் தட்டவில்லை. போகட்டும்.

அதே கூட்டத்தில்தான் அக்கா கை தூக்கினாள்.

என் அக்கா ஐந்து வயது மூத்தவள். கண்ணாடிக்கடை வைத்திருக்கிறாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊரை வேலை வாங்குவாள். சின்ன வயதில் மழை வந்தால் குடை அவள் கையில் இருக்கும், அவளுடைய செருப்பு என் கையில் இருக்கும். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொன்னதும் எட்டு மாதத்துக்கு முன் சங்கத்தில் சேர்ந்தாள். மகன் வாங்கி அனுப்பிய சைக்கிளை இரண்டு விரலால் தூக்கிவிடலாம். என்னுடையது இரும்பு, இரண்டு முறை பெயின்ட் அடித்தது. சேர்ந்த ஒரே மாதத்தில் சங்கத்தில் எல்லாரும் அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

"நாலு நாளுக்கு நானும் வரேன் சார்," என்றாள். "என் பேரு அந்தப் பலகையில வரணும்."

கடைசியாக வரப்போவது யார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் பட்டைதான் என் தோளில் இல்லையே என்று தேற்றிக்கொண்டேன்.

முதல் நாள் நான் முன்வரிசைக் கூட்டத்தோடு ஓட்டினேன். மதியம் மூன்று மணிக்கே தங்குமிடம் வந்தாயிற்று. குழாயில் வெந்நீர் வந்தது. ஏழு வருஷமாக அந்த விடுதியில் வெந்நீர் வரும் என்பதே எனக்குத் தெரியாது. நான் போகும்போது எப்போதும் தீர்ந்திருக்கும். கால் மணி நேரம் அதற்கடியில் நின்றேன். இரண்டாம் நாள் மலை. நான் நாலாவது ஆளாக வந்தேன். சிரிப்பை அடக்க முடியாமல், அட்டையில் விழுந்த முத்திரையை அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா இருட்டுகிற நேரத்துக்கு வந்தாள். பின்னால் மருந்துக்கடைக்காரர், முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி.

மூன்றாம் நாள் காலை, தங்கியிருந்த பள்ளிக்கூட ஹாலில் நான் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். பட்டையைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இவ்ளோ மெதுவா ஓட்டி ஓட்டி எனக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சு. மெதுவா ஓட்டுறதுக்கும் ஒரு பழக்கம் வேணும்ல."

"அதுக்கு?"

"உங்க அக்காதானே. நீங்க கூட வந்தா அவங்களுக்கும் தெம்பா இருக்கும்."

நான் சர்வேயரைப் பார்த்தேன். அவர் புத்தகத்தைப் புரட்டினார். பட்டையை நடுவழியில் கைமாற்றலாமா என்பது பற்றி அதில் ஒன்றும் இல்லை போலும். "சொந்த அக்காதானேம்மா," என்றார் அவரும்.

நான் முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் ஹாலின் அந்தக் கோடியிலிருந்து, அவித்த முட்டையை உரித்துக்கொண்டே அக்கா குரல் கொடுத்தாள்: "அவ வருவா சார். அவளுக்கு இது பழக்கம்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். பட்டை என் தோளில் ஏறியது. மருந்துக்கடைக்காரர் அன்றைக்கு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். இடுப்புப் பிடிப்பு எங்கே போனதோ.

மூன்றாம் நாள் எப்படியோ போனது. அக்கா நாற்பது நிமிஷத்துக்கு ஒருமுறை நின்றாள். கையுறை இறுக்குகிறது, இருக்கை குத்துகிறது, தண்ணீர் சூடாகிவிட்டது. நான் பின்னாலேயே வந்தேன். அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டே நூற்று முப்பது கிலோமீட்டர்.

நாலாம் நாள் மதியம் ஒன்றே முக்காலுக்குக் கடைசி முத்திரை இடத்துக்கு வந்தோம். பெட்ரோல் பங்கை ஒட்டிய ஒரு டீக்கடை. எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் போய் ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்றான் முத்திரை போட்டவன். போட்டுவிட்டு, பெட்டியை மூடி வண்டியில் ஏற்றிக்கொண்டு அவனும் கிளம்பிவிட்டான். மீதி எழுபது கிலோமீட்டர், நாலேகால் மணி நேரம். கேட்பதற்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் அங்கிருந்து முடிவிடம் வரை ஒரே வெட்டவெளி. இருபுறமும் அறுத்த வயல், தூரத்தில் காற்றாலைகள், அத்தனையும் நாங்கள் போகிற பக்கமே பார்த்தபடி சுற்றிக்கொண்டிருந்தன. நேர் எதிர்காற்று.

அக்கா மூன்று கிலோமீட்டர் போனாள். பிறகு இறங்கி, சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னால முடியலடி. சங்கத்து வண்டியைக் கூப்பிடு."

நான் கணக்குப் போட்டேன். அவள் ஓட்டிய வேகத்தில் போனால் ஏழு மணி தாண்டிவிடும். எனக்கு எட்டாவது முறை. அடுத்த வருஷம் முட்டி இருக்குமா என்று தெரியாது.

அவள் அழ ஆரம்பித்தாள். "கடையில வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். பையன்கிட்ட சொல்லியிருக்கேன். என்னமோ பெருசா கிளம்பினாளே, பாதியில வண்டியில ஏறி வந்துட்டான்னு சிரிப்பாங்க. எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டு கடையில உக்காருவேன்?"

அக்கா அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. அம்மா போனபோதுகூட எங்களை அழச்சொல்லிவிட்டு அவள் வந்தவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் வியர்வையும் கண்ணீரும் தூசியும் சேர்ந்து கோடு போட்டிருந்தது. எனக்கு மனசு பொறுக்கவில்லை. அதோடு அவள் நேரத்துக்குப் போனால்தான் என் பெயரும் ஏறும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"எழுந்திரு," என்றேன். "நான் முன்னாடி போறேன். நீ என் பின்சக்கரத்தை மட்டும் பாரு. ஒரு முழம் தள்ளி, ஒட்டியே வா. வேற எதையும் பார்க்காதே."

"அது ரூல்ல கூடாதே?"

"எல்லாரும் முன்னாடி போயாச்சு. பின்னாடி ஒரு ஈ காக்கா இல்ல. யார் பார்க்கப் போறா?"

நான்தான் சொன்னேன். இதே வார்த்தையில்.

எதிர்காற்றில் முன்னால் ஓட்டியது எனக்கு அதுவே முதல் தடவை. கைப்பிடியின் மேல் கவிழ்ந்து, தோளை அகட்டி, இரும்புச் சைக்கிளை ஒரே வேகத்தில் மிதித்தேன். சட்டென்று வேகம் கூட்டினாலும் பின்னால் வருகிறவர் கழன்றுவிடுவார், குறைத்தாலும் முட்டிவிடுவார். பின்னால் திரும்பிப் பார்க்கவும் கூடாது. திரும்பினால் சைக்கிள் கோணும், இருவரும் விழுவோம். பள்ளம் வந்தால் கையை இடுப்புக்குக் கீழே நீட்டிக் காட்டினேன். பின்னாலிருந்து "ம்" என்று வரும். அந்த 'ம்' வருகிறவரை அவள் இருக்கிறாள் என்று அர்த்தம்.

காதில் காற்று இரைந்தது. கண்ணில் மண். கழுத்து நரம்பு கயிறாக முறுக்கிக்கொண்டது. பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தேன். நேரம் ஒட்டிக்கொண்டு வந்தது, விலகவில்லை.

பாதி வழியில் அக்கா பேச ஆரம்பித்தாள். காற்று மறைவில் இருப்பவர்களுக்குப் பேச மூச்சு இருக்கும். மருமகள் போன் செய்வதே இல்லை என்றாள். கடைக்கு எதிரே புதிதாக ஒருவன் கண்ணாடிக்கடை போட்டிருப்பதைச் சொன்னாள். பிறகு, நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது வாடகை சைக்கிள் எடுத்து, அவள் ஓட்ட நான் பின்னால் உட்கார்ந்து போய், இரண்டு பேரும் சாக்கடையில் விழுந்ததைச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன், சிரித்ததில் வாயில் பூச்சி புகுந்தது. அந்த மூன்றரை மணி நேரம் எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. என் முதுகுக்குப் பின்னால் அவள் பத்திரமாக இருக்கிறாள் என்பது எனக்கே ஒரு தெம்பாக இருந்தது.

முடிவிடம் ஒரு பழைய கிடங்கின் முற்றம். அதற்கு அரை கிலோமீட்டர் முன்னால் ஒரு திருப்பம் உண்டு. அந்தத் திருப்பத்தில் நான் ஒதுங்கி, அக்காவை முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் போய்விடுவது என்று மனசுக்குள் திட்டம் போட்டிருந்தேன். இருவரும் விதிப்படி போய்ச் சேரலாம்.

திருப்பத்துக்கு வந்தபோது மணி ஐந்து ஐம்பத்தைந்து. திரும்பினேன். வளைவு தெரிந்தது.

முடிவிடத்தில் காற்றடித்து நிறுத்துகிற பெரிய மஞ்சள் வளைவு ஒன்று எங்கள் சங்கத்துக்கு உண்டு. ஆறு மணி அடித்ததும் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள். நான் ஏழு வருஷமும் போய்ச் சேரும்போது அது மடித்து வண்டியில் ஏறியிருக்கும். வெறும் முற்றத்தில் யாராவது ஒருவர் பெருக்கிக்கொண்டிருப்பார். அது நின்று நான் பார்த்ததில்லை. அன்றைக்கு நின்றது. அதற்குக் கீழே ஆட்கள் இருந்தார்கள், கையை ஆட்டினார்கள். எனக்கு வேறெதுவும் நினைவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மிதித்தேன்.

ஆறு வருஷம் அடுத்தவர் முதுகைப் பார்த்தே ஓட்டியவளுக்கு, முன்னால் யாரும் இல்லாத அந்தச் சாலையில் ஒதுங்க வேண்டும் என்பது மறந்துபோயிற்று. வளைவைத் தாண்டிப் பிரேக் பிடித்த பிறகுதான் என் தோளில் பட்டை இருப்பதைப் பார்த்தேன். கடைசி நேரத்தில் நான் வேகம் கூட்டியதில் அக்கா கழன்று, நூறு மீட்டருக்குப் பின்னால் தனியாக வந்துகொண்டிருந்தாள்.

பூட்டுக்கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்து எழுதினார். எனக்கு ஐந்து ஐம்பத்தேழு. அக்காவுக்கு ஐந்து ஐம்பத்தெட்டு. எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் என் தோளைப் பார்த்தார்.

"என்ன மேடம், பட்டையைப் போட்டுக்கிட்டு முன்னாடி வந்திருக்கீங்க?"

சர்வேயர் வந்துவிட்டார். புத்தகம் கையில் இல்லை, தேவையும் இல்லை, அவர் எழுதியதுதானே. "ரெண்டுல ஒண்ணுதான் இருக்கணும்மா," என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "ஒண்ணு நீ அவங்களுக்குக் காத்து மறைச்சிருக்கணும். இல்ல, அவங்களை விட்டுட்டு வந்திருக்கணும். எது?"

நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் அக்கா இறங்கி சைக்கிளைச் சாய்த்து வைத்தாள். யாரோ துண்டு கொடுத்தார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அவ முன்னாடி போயிட்டா சார். நான் தனியாத்தான் வந்தேன்."

முதலில் ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். ஐம்பத்தொரு வயசு, முதல் வருஷம், எதிர்காற்றில் எழுபது கிலோமீட்டர், அதுவும் கடையாளே கைவிட்டுப் போய்விட்ட நிலையில். அவளைச் சுற்றிக்கொண்டார்கள். மருந்துக்கடைக்காரர் அவளுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தபடி, "நானே கூட இருந்திருக்கணும்," என்றார். நல்லா இருக்கட்டும்.

"அப்படியாம்மா?" என்று சர்வேயர் என்னைக் கேட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். துண்டு அவள் முகத்தில் இருந்தது. ரொம்ப நேரம் இருந்தது.

என் சக்கரம் முதலில் உள்ளே வந்தபோதே என் பெயர் போய்விட்டது. உண்மையைச் சொன்னாலும் செல்லாது, பொய்யைச் சொன்னாலும் செல்லாது. மிச்சம் இருந்தது அவள் பெயர் மட்டும்தான், அதையும் சேர்த்து இழுத்துக் கீழே போடுவதா வேண்டாமா என்பதுதான். சொன்னால்தான் யார் நம்பப் போகிறார்கள்? மற்ற யாருக்கு எது நடந்தாலும் பின்னால் வருகிறவர் பார்த்திருப்பார். கடையாளுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? நான் பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்ததாக யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

"ஆமா சார்," என்றேன். "விட்டுட்டு வந்துட்டேன்."

அவர் பட்டையைக் கழற்றச் சொன்னார். வியர்வையில் தோளோடு ஒட்டியிருந்தது. கழற்றிக் கொடுத்தேன். அதை அவர் இரண்டு விரலால் வாங்கினார். அட்டையில் குறுக்கே கோடு போட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பின்னால் வளைவின் காற்றைப் பிடுங்கினார்கள், உஸ்ஸென்று படுத்தது.

திரும்பி வரும்போது வண்டியில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. மறுநாள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் 'உடன் வருபவரைக் கைவிடாதீர்கள்' என்று பூப்போட்ட படம் ஒன்று வந்தது. முப்பத்தாறு பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். அக்காவும் போட்டிருந்தாள்.

வீட்டுக்காரரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவர் லிஃப்ட் மெக்கானிக், எதையும் கழற்றிப் பார்த்தால்தான் நம்புவார். என் கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டார், "உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்கலாம்ல?"

"என்னன்னு கேக்குறது?"

"ஏன்க்கா இப்படிச் சொன்னேன்னு."

"அவளே வந்து சொல்லுவா," என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நம்பினேன். அத்தனை பேர் நடுவில் பயந்து வாய் தவறிவிட்டது, தனியாக வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள், நான் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு பேசலாம் என்று அதற்கும் ஒரு திட்டம் வைத்திருந்தேன்.

ஆறு வாரம் கழித்து வந்தாள். மதியம், லேபில் நான் மட்டும் இருந்தேன். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் ஒரு மேல் தாடைப் பல்செட்டை மெருகேற்றிக்கொண்டிருந்தேன். அக்கா ஸ்டூலை இழுத்து எதிரே உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள், நன்றாக இருந்தாள்.

"பலகையில எழுதியாச்சுடி. நேத்துதான் பெயின்ட்டர் வந்தார். பார்த்தியா?"

"இல்ல."

"நீ ஏன் சங்கத்துப் பக்கமே வர்றதில்ல? எல்லாரும் கேக்குறாங்க." கொஞ்ச நேரம் மெழுகுத் துண்டு ஒன்றை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தாள். இதோ வருகிறது என்று நான் மோட்டாரை நிறுத்தினேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காத. அன்னைக்கு என்னை அப்படி விட்டுட்டுப் போகலாமாடி?"

கதவைப் பார்த்தேன். யாராவது வந்து நிற்கிறார்களா, அவர்களுக்காகப் பேசுகிறாளா என்று. யாரும் இல்லை. லேபில் நாங்கள் இரண்டு பேர், அலமாரி நிறைய பிளாஸ்டர் தாடைகள்.

"அக்கா, யார் யாரை விட்டுட்டுப் போனா?"

"சரி விடு, பழசைக் கிளறல. உனக்கும் பேரு வரணும்னு ஆசை இருக்கும்ல, எனக்குப் புரியுது. ஆனா அந்த ரோட்டுல நான் எவ்ளோ பயந்துட்டேன் தெரியுமா? அந்தக் காத்து, சுத்தி ஒரு ஆளு இல்ல. கண்ணுக்கு எட்டுன தூரத்துல உன் முதுகு மட்டும் தெரியுது. அதைப் பார்த்துக்கிட்டே மிதிச்சேன்." அவள் கண் நிஜமாகவே கலங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் அன்னைக்கே உன்னை மன்னிச்சிட்டேன்டி."

அவள் நடிக்கவில்லை. ஐம்பத்தொரு வருஷமாகப் பார்த்த முகம் இல்லையென்றாலும் நாற்பத்தாறு வருஷமாகப் பார்த்த முகம், எனக்குத் தெரியும். என் முதுகு ஒரு முழத் தூரத்தில் இருந்ததை அவள் மனசுக்குள்ளேயே தள்ளித் தள்ளிக் கண்ணுக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டாள். இனி என்னிடம் வந்து ஒப்புக்கொள்ள அவளுக்கு எதுவுமே இல்லை. சாக்கடையில் விழுந்த கதையை எனக்கு எங்கே வைத்துச் சொன்னாள் என்று கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்டால், வீட்டில் சொன்னதாக அவளுக்கு ஞாபகம் வரும்.

"அடுத்த வருஷம் நீ கண்டிப்பா வரணும்," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "சர்வேயர் சார்கிட்ட உனக்காக நானே பேசிட்டேன். பட்டையை என்கிட்டதான் கொடுத்திருக்காங்க. துவைச்சு இஸ்திரி போட்டு வெச்சிருக்கேன். நீ எவ்ளோ மெதுவா வந்தாலும் பரவாயில்ல, நான் உன் பின்னாடியே வருவேன். உன்னை விட்டுட்டுப் போகமாட்டேன்."

நான் என் கையை விடுவித்துக்கொண்டு மோட்டாரைப் போட்டேன். அது பெரிய சத்தம் போடும், பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. அவள் எதிரே உட்கார்ந்து இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், நான் பல்செட்டைத் திருப்பித் திருப்பித் தேய்த்தேன்.